தையல் காய்வதற்குள் படித்த நாவல்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு கொடுக்கிறார்கள். என்ன சாப்பிடலாம் என்று சொல்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஆறு வாரமும் படுத்த இடத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் கதைப் புத்தகம் படித்தேன். அதில் பணமும் போனது, தூக்கமும் போனது. இனி யாராவது இதே மாதிரி படுத்திருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். இலக்கியம் தெரிந்தவள் இல்லை நான். பிடித்தது, பிடிக்காதது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

வீடு அவிநாசியில், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது. என் படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். வார இதழ்த் தொடர், பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல், இப்படி. கல்யாணத்துக்கு முன்னால் ரமணிசந்திரன் நாவல்களை வரிசையாகப் படித்த தலைமுறை. கர்ப்பப்பையில் கட்டி, மாதா மாதம் ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை என்று இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். கட்டி பெரிதாக இருந்ததால் துளை போட்டுச் செய்ய முடியாது என்று வயிற்றைத் திறந்தே எடுத்தார்கள். சினைப்பைகளை விட்டுவைத்தார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கதையும் கொண்டுவந்தார்கள். "இனி என்ன அம்மிணி, கோயில் குளத்துக்கு நெனச்ச அன்னிக்குப் போலாம்" என்றார் ஒரு பெரியம்மா. அது ஆறுதல். அவர் போன பிறகு வந்த இன்னொருவர், காங்கயத்தில் யாரோ ஒருத்தி இதே ஆபரேஷன் செய்து எழுந்திருக்கவே இல்லை என்ற கதையை, டீ ஆறுகிற வரைக்கும் சொன்னார். இவர்களிடமிருந்து தப்பிக்கவே புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்க ஆரம்பித்தேன்.

அக்கா மகள் கோவையில் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். "சித்தி, சும்மா அந்த மாத நாவலையே படிச்சுட்டு இருக்காதீங்க, பெண்கள் எழுதுனதுல நல்லதாப் படிங்க" என்று ஒரு பட்டியல் அனுப்பினாள். அவளே ஃபோனில் ஆர்டரும் போட்டுக் கொடுத்தாள். 3,400 ரூபாய். பெட்டியைப் பிரித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. புது புத்தக வாசனை, கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தால் ஒரு கௌரவம்.

முதல் பிரச்சினை எடை. யாரும் நினைத்துப் பார்க்காத விஷயம் இது. ஐந்நூறு பக்க கெட்டி அட்டைப் புத்தகத்தை மல்லாந்து படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. கை வலித்து அது வயிற்றில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தலையணையை வயிற்றின் மேல் வைத்து அதன் மேல் புத்தகத்தை நிறுத்தினேன். இருமல் வந்தால் அழுத்திப் பிடித்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த அதே தலையணை. மெலிந்த புத்தகங்களை முதல் இரண்டு வாரத்துக்கு ஒதுக்குங்கள், தடித்தவற்றைச் சாய்ந்து உட்கார முடிகிற நாளுக்கு வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மாத நாவலை எந்த இலக்கியமும் ஜெயிக்க முடியாது.

இரண்டாவது பிரச்சினை பெரிது. பெட்டியில் இருந்த அத்தனையும் சோகம். அடி வாங்கும் பெண், குழந்தை இல்லாததால் ஒதுக்கப்படும் பெண், படிக்க அனுப்பாமல் கிணற்றில் விழும் பெண். ஒரு நாவலில் நாயகிக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள், புருஷன் வேறொருத்தியைத் தேடிப் போகிறான். பின்னட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பெண்ணின் அகவுலகை நுட்பமாகச் சித்திரிக்கும்" என்று மட்டும் போட்டிருந்தது. அதை இரவு இரண்டு மணிக்குப் படித்துவிட்டு, பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை முறைத்துப் பார்த்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பாவம், அவர்தான் அன்று சாயங்காலம் எனக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்திருந்தார்.

அந்த வாரம் முழுக்கக் காரணமில்லாமல் அழுகை. தலை சீவப் பிடிக்கவில்லை. "அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிப் பரண்ல போடு, எல்லாம் சரியாகும்" என்றார் வீட்டுக்காரர். தையல் பார்க்கப் போனபோது டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்வது பல பேருக்கு உண்டு, ரத்தம் குறைவாக இருந்தால் சோர்வு இன்னும் கூடும், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் உடம்புச் சூடும் தூக்கமின்மையும் சட்டென்று ஒரே நாளில் வந்ததுபோல் வரும் என்று விளக்கினார். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் கட்டாயம் வந்து சொல்லச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். புத்தகம்தான் காரணம் என்று நானும் வீட்டில் உள்ளவர்களும் முடிவு கட்டியிருந்தோம். உடம்பில் பாதிக் காரணம் இருந்தது. அழுகை வந்தால் புத்தகத்தை மாற்றிப் பாருங்கள், அதோடு டாக்டரிடமும் சொல்லுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

சரி, சோகம் வேண்டாம், சிரிக்கிற மாதிரி ஏதாவது படிப்போம் என்று ஃபோனில் கதை படிக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். குடும்ப நாவல், காதல் நாவல், 'மனதுக்கு இதமான கதைகள்' என்று தனித்தனிப் பிரிவு. முதல் பத்து அத்தியாயம் இலவசம். பதினொன்றாவது அத்தியாயத்துக்கு நாணயம் வாங்க வேண்டும். நாயகன் கதவைத் தட்டும் இடத்தில் பதினொன்று வரும், அது அவர்கள் தொழில் ரகசியம். மாதச் சந்தாவும் கட்டினேன், அதற்கு மேல் நாணயமும் வாங்கினேன். கணக்கு எழுதுகிற எனக்கே எவ்வளவு போனது என்று மாசக் கடைசியில்தான் தெரிந்தது. 1,100 ரூபாய் தாண்டியிருந்தது. அதில் நான் முழுசாகப் படித்து முடித்த கதை குறைவு. பல கதைகளை எழுதியவர்களே பாதியில் விட்டிருந்தார்கள். 'முடிவுற்றது' என்று போட்ட கதைக்கு மட்டும் காசு கட்டுங்கள். சந்தாவை நிறுத்தச் செயலியை அழித்தால் போதாது. பணம் கட்டிய யூபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே என்ற இடத்தில் அதை ரத்து செய்ய வேண்டும். நான் செயலியை அழித்த பிறகும் ஒரு மாதம் பணம் போனது.

பணத்தை விட என்னை எரிச்சலாக்கியது அந்த 'இதமான' கதைகள்தான். ஒரு நாயகன் பழிவாங்க நாயகியைக் கடத்தி வந்து கட்டாயத் தாலி கட்டுகிறான். இன்னொருவன் கன்னத்தில் அறைகிறான், அடுத்த அத்தியாயத்தில் அவனே மருந்து போடுகிறான், அவள் உருகுகிறாள். எல்லோருக்கும் சொந்தமாக மில்லோ கம்பெனியோ இருக்கிறது. ஒருவனும் ஜிஎஸ்டி கட்டி நான் பார்க்கவில்லை. கீழே நூற்றுக்கணக்கில் பூச்செண்டு போட்டிருந்தார்கள். நான் சோகக் கதை என்று பயந்து ஓடி வந்த இடத்திலும் அதே அடிதான் இருந்தது. அங்கே அதை அடி என்றார்கள், இங்கே காதல் என்றார்கள். எது என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சோகக் கதையில் அவள் அழும்போது எழுதியவர் அவள் பக்கம் நின்றார் என்ற தெம்பாவது இருந்தது.

எல்லா லேசான கதையும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய குடும்ப நாவல்கள் சிலவற்றில் இந்தக் கோளாறு எவ்வளவோ குறைவு. லக்ஷ்மி எழுதியவற்றை அம்மா வீட்டிலிருந்து வரவழைத்து மறுபடி படித்தேன். அவர் எம்.பி.பி.எஸ். டாக்டர், பெயர் திரிபுரசுந்தரி. 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாடமி பரிசு வாங்கியவர். கதை பழசு, பேச்சும் பழசு. ஆனால் அந்தக் காலத்திலேயே பெண்ணுக்கு ஒரு வேலை, கையில் ஒரு சம்பளம், அதனால் வரும் நிமிர்வு என்று எழுதியிருக்கிறார். என் அம்மா அந்த நாவல்களைத் தொடராக வந்தபோதே பிரித்து பைண்டு செய்து வைத்தவர். அவர் என்னைப் படிக்க வைத்ததற்கும் அந்த பைண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்த ருசியில்தான் அடுத்த செலவு. 'பழைய பெண்கள் நாவல், கட்டுக் கட்டாக, 1,200 ரூபாய்' என்று ஒருவர் வாட்ஸப்பில் படம் போட்டிருந்தார். பணம் அனுப்பி, மூன்று முறை ஞாபகப்படுத்திய பிறகு பார்சல் வந்தது. ஒரே நாவல் இரண்டு பிரதி. சிலது ஈரத்தில் ஒட்டியிருந்தது. கொடுமை என்னவென்றால் பலவற்றில் கடைசித் தாள் இல்லை. நாயகி கோவை ரயில் நிலையத்தில் நிற்கிறாள், வண்டி வருகிறது, அட்டை வந்துவிட்டது. ஏறினாளா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. பழைய புத்தகக் கட்டு வாங்குபவர்கள் முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம், ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்துக்கும் ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் விடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டேன். அவர் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பினார்.

வீட்டிலிருந்து நடந்து போகலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும் முதலில் போனது கிளை நூலகத்துக்குத்தான். இத்தனை வருடம் அந்த வழியாகத்தான் பஸ் ஏறப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. உறுப்பினர் ஆக ஆன செலவு அந்தச் செயலியில் ஒரு வாரம் போனதில் பாதி கூட இல்லை. அங்கிருந்த நூலகர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "சோகமா இருந்தா வேண்டாங்றீங்களா, சோகத்துலயே போட்டு அமுக்குனா வேண்டாங்றீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் நான் யோசித்தேன். பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. நாவல் என்பதை விடத் தன் வாழ்க்கையை எழுதியது. சாதி எப்படியெல்லாம் மிதிக்கும் என்று சொல்கிற புத்தகம், அதில் மறைப்பு எதுவும் இல்லை. ஆனால் தெருவில் ஆளுக்கு ஆள் வைத்திருந்த பட்டப்பெயர்களைச் சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தெரியும், சிரிப்பு வந்தால் தையல் எப்படி இழுக்கும் என்று. தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருடைய 'கிசும்புக்காரன்' கதைகளில் கேலியையே ஆயுதமாக வைத்திருக்கிறார். எதிரே நிற்கும் பெரிய மனிதரை வார்த்தையால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. வெளியே போக முடியாத வீடுகள், ஆனால் அதற்குள் பெண்கள் மட்டும் கூடினால் பேசுகிற பேச்சு இருக்கிறதே! எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளைச் சுற்றி மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற பேச்சை இப்படியும் எழுதலாமா என்று வாயைப் பொத்திக்கொண்டேன். முடிவு கனமானது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதியது ஆண்தான் என்றாலும் 'நாகம்மாள்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதியது, நம் பக்கத்துக் கிராமம், நம் பக்கத்துப் பேச்சு. விதவையான நாகம்மாள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவுக்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அம்மா காங்கயத்துப் பக்கம். "இவ நம்மூர்க்காரியேதான்" என்றார் முதலில் சிரித்துக்கொண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, அப்போதே கல்யாணம் ஆகியிருந்தவர்களுக்கும் 2005-இல் மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் அம்மாவும் சித்திகளும் தங்கள் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள்தான். "கேட்டா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு ஆரு வருவா கண்ணு?" என்றார். அந்தப் பத்திரத்தைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. சோகமான புத்தகம்தான், கடைசி மோசமாகத்தான் போகும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. தனியாகப் படிக்காததுதான் காரணமாக இருக்கலாம்.

ராஜம் கிருஷ்ணனைக் கடைசியாக எடுத்தேன். அவர் எந்த மனிதர்களைப் பற்றி எழுதினாரோ அவர்கள் இருக்கும் ஊருக்கே போய்ப் பார்த்துப் பேசி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத்துக்காரர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', நீலகிரிப் படகர்களைப் பற்றி 'குறிஞ்சித்தேன்'. மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை, பல தடவை ஊட்டிக்குப் போயிருக்கிறேன், அங்கே இருக்கிறவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அந்த நாவல் வரும் வரை எனக்குத் தெரியாது. செலவுக்குப் பயந்தவர்களுக்கு ஒரு தகவல்: அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டம் இணையதளத்தில் பல நாவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கலாம், வயிற்றில் விழுந்தாலும் வலிக்காது. 3,400 ரூபாய் பெட்டியில் இவர் புத்தகமும் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால்தான் கொஞ்சம் வலிக்கிறது.

இப்போது எந்த நாவலையும் எடுத்தவுடன் கடைசி நான்கு பக்கத்தை முதலில் படிக்கிறேன். அவள் செத்தாளா, கிடந்தாளா, எழுந்து நடந்தாளா என்று தெரிந்துகொண்டுதான் முதல் பக்கம். "சித்தி, இது அநியாயம்" என்கிறாள் அக்கா மகள். முடிவு தெரிந்தால் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். எனக்கு நிறைய இருக்கிறது. எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று நிதானமாகப் பார்க்கலாம். நடுவில் பயந்து பயந்து பக்கம் புரட்ட வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இன்னொன்று, கனமான புத்தகத்தைப் பகலில், வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது படிக்கிறேன். ராத்திரிக்கு லேசானது. லேசானது என்று யாராவது கொடுத்தால், அதில் நாயகன் கை நீட்டுகிறானா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். கொடுப்பவர்கள் கொஞ்சம் திகைக்கிறார்கள். யோசித்துவிட்டு "ஆமா, ஒரு எடத்துல அறையறான்" என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவர்களாகச் சொல்கிறார்கள்.

புத்தகம் வாங்குவதாக இருந்தால் எழுந்து நடமாடும் வரை காத்திருங்கள். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா இருக்கிறது, 2005 முதல் நடக்கிறது. அங்கே கையில் எடுத்து எடை பார்த்து, கடைசிப் பக்கம் பார்த்து வாங்கலாம். வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. அந்தப் பெட்டியில் பாதியை நான் இன்னும் திறக்கவில்லை. கர்ப்பப்பை நாவலை மட்டும் போன மாதம் மறுபடி எடுத்து, இந்த முறை பகலில், முழுதாக முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் புருஷன் திரும்பி வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே நான் அன்று புத்தகத்தை மூடியிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். லக்ஷ்மியில் இரண்டு, பாமாவில் ஒன்று, ஒரு கெட்டியான சின்னத் தலையணை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் செயலியில் எனக்கு இன்னும் 140 நாணயம் மிச்சம் இருக்கிறது. வேறொருவருக்கு மாற்றித் தர வழியில்லையாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.